ஜோசபின் அக்கா வெட்டவிடாத கல்

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணியளவில், எங்கள் கல் பட்டறையின் தொலைபேசி அடித்தது. நான் அதை எடுப்பதில்லை. முகம் தெரியாமல் ஒருவரோடு பேச எனக்கு வராது. ஆங்கிலத்தில் என்றால் இன்னும் வராது. அன்று முதலாளி மயானத்துக்குள் கல் நாட்டப் போயிருந்தார். வெட்டுகிறவர்கள் இருவரும் இயந்திரச் சத்தத்துக்குள் நின்றார்கள். மணி அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

"அங்க எழுத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற தமிழ்ப் பிள்ளை இருக்கா?" என்று ஒரு பெண் கேட்டார்.

"ஓம், கதைக்கிறன்."

"நான் ஜோசபினோட தங்கச்சி தெரேசா, மா. அக்கா போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஒன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

அவர் அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லி வைத்துவிட்டார். நான் பாதியில் விட்ட கல்லுக்குத் திரும்பிப் போய் மிச்ச எழுத்துகளை நிரப்பினேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது.

மாதம் ஒருமுறை தேவாலயத்தில் நடக்கும் நம் தமிழ்ப் பூசைக்கு வருகிற உங்களுக்கு ஜோசபின் அக்காவைத் தெரியும். ஈப்போவிலிருந்து வந்தவர், அந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் ஒரு 'லா' ஒட்டும். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் செய்யாதவர், கையில் எப்போதும் பென்சில் கறை இருக்கும். பூசை முடிந்து தேநீருக்குப் போனால் குசினிப் பக்கமிருந்து யாராவது கத்துவார்கள்: "மாயா ராணி வாறா, கதிரையை விடுங்கோ!" அவர் சளைக்கமாட்டார். "ராணி வந்தா எழுந்து நிக்கணும் லா. ஒக்காந்து வடை திங்கக் கூடாது," என்பார். அந்தப் பட்டம் அவருக்கு ஏன் வந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத்தான் தெரியும். கடைசி இரண்டு வருடம் அவர் ஏன் கல் பட்டறையை விட்டுவிட்டு செவன் ஹில்ஸில் ஒரு பெட்டித் தொழிற்சாலைக்குப் போனார் என்பது தெரியும் என்று நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். அது சரியில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் கை நசுங்கி அவர் வீட்டில் இருந்தது ஒரு காரணம். வகுப்பில் நான் வாயே திறக்காதது இன்னொரு காரணம். லிட்கம் பெரிய மயானத்துக்குப் பக்கத்தில் இந்தப் பட்டறையில் வேலை கிடைத்தது. வெட்டிய எழுத்துக்குள் கறுப்பு எனாமலை மெல்லிய தூரிகையால் நிரப்புவது என் வேலை. பள்ளத்தில் கறுப்பு, மேட்டில் ஒன்றும் படக்கூடாது. இவ்வளவுதான் விதி. ஜோசபின் அக்கா அங்கே எழுத்து வரைகிறவர். ஒவ்வொரு கல்லுக்கும் பெயரையும் தேதியையும் கல்லின் அளவிலேயே தாளில் வரைந்து கொடுப்பார், அதைப் பார்த்து வெட்டுவார்கள். வாய் திறக்கத் தேவையில்லாத வேலை என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் எனக்குப் பக்கத்து மேசையில் அவர் இருந்தார்.

பட்டறைக்கு வருமுன் நான்கு வருடம் அவர் ஒரு பேராசிரியரிடம் வேலை செய்தவர். அந்தப் பேராசிரியர் குவாத்தமாலாக் காடுகளுக்குள் போய் மாயா மக்களின் கல்வெட்டுகளைப் படம் பிடித்து வருவார். அக்கா அந்தப் படங்களின் மேல் மெல்லிய தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக மையால் வரைந்தெடுப்பார். அந்த நாட்டுக்கு அவர் போனதே இல்லை. ஆனால் மதியம், உடைந்த மாபிள் துண்டுகளின்மேல் உட்கார்ந்து பாண் துண்டைக் கடித்துக்கொண்டு அவர் பேசத் தொடங்கினால், மயானத்து மரங்களெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து காடாகிவிடும். காட்டுக்குள் வெள்ளைச் சாலை போகும். சுண்ணாம்புக் கல் கொட்டி இறுக்கிய சாலை, நிலவு வெளிச்சத்தில் தானே தெரியும் என்பார். சாலை முடிகிற இடத்தில் ஒரு வெளி. வெளியில் ஆளைவிட மூன்று மடங்கு உயரமான கற்கள் வரிசையாக நிற்கும். வேர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கல்லிலும் ஓர் அரசன், தலையில் பறவை இறகுகள், பக்கத்தில் எழுத்து.

"நம்ம கடையில செத்தவங்களுக்குக் கல் வைக்கிறோம்," என்பார். "அவங்க காலத்துக்கே கல் வச்சாங்க. இருபது வருசம் முடிஞ்சா ஒரு கல். காலம் வந்துச்சு, போச்சுன்னு சாட்சி."

எண்களைத் தோடம்பழ விதையாலும் தீக்குச்சியாலும் காட்டுவார். விதை என்றால் ஒன்று. குச்சி என்றால் ஐந்து. எதுவும் இல்லாததற்கு ஒரு சிப்பி. ஒருநாள் மூன்று குச்சியும் ஒரு விதையும் என் முன்னால் வைத்தார்.

"இது யாரு, சொல்லு?"

"பதினாறு."

"பதினாறு இல்ல. நீ. இன்னும் ஒரு வருசத்துக்கு நீ இதுதான். வாயைத் திறந்து பேசுற வரைக்கும் மேல விதை வைக்க மாட்டேன்."

அன்று மாலை வென்ட்வேர்த்வில் ரயிலில் கண்ணாடியில் மூச்சு விட்டு, விரலால் மூன்று கோடும் ஒரு புள்ளியும் போட்டேன். வெளியே மழை. எந்த ஸ்டேஷன் போகிறதென்று தெரியவில்லை. நான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

வெட்டுகிறவர்களில் ஒருவர் ஒருமுறை, "அழிஞ்சுபோன சனத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கதை?" என்று கேட்டார். அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். "யாரு அழிஞ்சது? அந்தப் பேராசிரியருக்குக் காட்டுல வழி காட்டுனது யாரு? அவங்களுக்குச் சோறு ஆக்குனது யாரு? அதே சனம். அதே பாஷைதான் பேசுறாங்க, அதே சோளம்தான் நடறாங்க. பழைய ஊரை விட்டுப் போனாங்க, ஒலகத்தை விட்டுப் போகல." பிறகு எழுந்து போய் ஒரு தேநீர் போட்டுக்கொண்டு வந்து அவரிடமே கொடுத்தார்.

இனி அந்தக் கல்லைப் பற்றி.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, நான் வந்தபோது வர்ணம் அடிக்கும் பலகைக் கட்டிலில் ஒரு கல் கிடந்தது. மஞ்சள் கலந்த வெள்ளைக் கல், என் நெஞ்சளவு உயரம். வலது பக்கத்தில் ஒரு மனிதனின் தோளும் முகமும் இறகுகளும். இடது பக்கத்தில் இரண்டு வரிசை எழுத்து. ஓரம் உடைந்திருந்தது. எங்கள் பட்டறையில் அந்தக் கட்டிலில் ஒரு கல் கிடந்தால் அது கழுவி முடிந்து வர்ணத்துக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். முதலாளி ஆல்டோ மயானத்துக்குப் போய்விட்டார். அக்கா இன்னும் வரவில்லை. இது நம் வழக்கமான கல் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. யாரையாவது கேட்டிருக்கலாம். வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் அதை நிறுத்தச் சொல்லி, இரண்டு ஆண்கள் என்னைத் திரும்பிப் பார்க்க, ஆங்கிலத்தில் கேட்கவேண்டும். அதைவிட வர்ணம் அடிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

டின்னைத் திறந்தேன். பள்ளத்தில் கறுப்பு. இடது ஓரத்தில் மேலிருந்து தொடங்கினேன். ஒரு முகம், அதற்குப் பக்கத்தில் குச்சிகளும் விதைகளும். நான் அறிந்த எண்தான் என்பது கூட, கறுப்பு நிரம்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. இரண்டு கட்டம் முடித்திருந்தேன். கதவடியில் அக்காவின் பை விழுந்த சத்தம் கேட்டது.

"அடியேய். என்னடி பண்ணிட்டே?"

நான் தூரிகையைக் கீழே வைத்தேன்.

"துடைக்காதே! துணி எடுக்காதே! தேய்ச்சா உள்ள போயிடும்."

சுண்ணாம்புக் கல் மாபிளைப் போல் இல்லை, வர்ணத்தைக் குடிக்கும். அவர் பஞ்சைத் தெர்பன்டைனில் நனைத்துப் பிழிந்து, ஈரம் மட்டும் மிச்சமிருக்க, ஒத்தி ஒத்தி எடுத்தார். நான் சுண்ணப் பொடியைத் தூவி, மேலே தாளை அழுத்தி, கறுப்பை உறிஞ்ச வைத்தேன். மூன்று மணி நேரம். எங்கள் இருவரின் நெற்றியும் ஏறக்குறைய இடித்துக்கொண்டன. வாசனையில் தலை சுற்றியது. இயந்திரச் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்பது போல் இருந்தது. அவர் திட்டவில்லை. முணுமுணுவென்று மாதா பாட்டு ஒன்று பாடிக்கொண்டிருந்தார்.

ஒரு பள்ளத்தின் அடியில், முகத்தின் காதுக்குக் கீழே, கறுப்பு போனதும் சிவப்பு தெரிந்தது. இரத்தம் வந்துவிட்டதென்று நான் பயந்து கையை எடுத்தேன்.

"பயப்படாதே. அது அவங்க போட்டது," என்றார் அக்கா. "இந்தக் கல்லு முழுக்கச் சிவப்பு அடிச்சிருந்தாங்க. மழையில போயி, இவ்வளவுதான் ஒட்டிக்கிட்டிருக்கு." கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "அங்கயும் ஒரு பொண்ணு தூரிகையை வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பா. ஒன்ன மாதிரியே, ஒரு வார்த்தை பேசாம."

அந்தச் சிவப்பு ஒரு அரிசியளவுகூட இல்லை. அதற்குள் நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. வெயில் உச்சியில், காடு நிசப்தமாக, சாரக்கட்டின்மேல் ஒருத்தி காலை மடித்து உட்கார்ந்து வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அக்கா கல்லின் பின்பக்கத்தைப் பார்க்க ஓரத்தைச் சற்றுத் தூக்கினார். "இங்க வா. இது என்னா, சொல்லு."

வாள் ஓடிய கோடுகள். எங்களுக்குத் தெரியாதா? அந்தக் கோட்டைத்தான் தினமும் பார்க்கிறோம். கோடுகளுக்குள் தூசி இன்னும் வெள்ளையாக இருந்தது.

"பழைய முகம், புது முதுகு," என்றார். "காட்டுல நின்ன கல்லை நிக்க நிக்க அறுத்திருக்கானுங்க. முழுசாத் தூக்க முடியாது, கனம். அதான் முகத்தை மட்டும் தோசை மாதிரி உரிச்சிட்டு வந்துட்டானுங்க." ஒரு கோட்டின்மேல் விரலை ஓட்டினார். "நாலு வருசம் படத்துல பார்த்தேன். இப்படியா லா நேர்ல பார்க்கணும்?"

மூன்று மணிக்கு ஆல்டோ திரும்பினார். கல் ஒரு பணக்கார வாடிக்கையாளருடையது, புது வீட்டுச் சுவரில் பதிப்பதற்கு. கட்டிலில் தற்செயலாகத்தான் வைத்திருந்தார். எங்கள் வேலை வர்ணம் இல்லை, வெட்டு. உடைந்த இடது ஓரத்தை, இரண்டு வரிசை எழுத்தோடு சேர்த்து, நேராக அறுத்து எறியவேண்டும். வாடிக்கையாளருக்கு அரசன் போதும், எழுத்து வேண்டாம். வியாழக்கிழமை எடுக்க வருவார்.

ஆல்டோவின் கண் அந்த இரண்டு கட்டத்துக்குப் போனது. எவ்வளவு எடுத்தும் ஒரு சாம்பல் நிழல் மிச்சம் இருந்தது.

"யார் செய்தது?"

நான் டின்னின் மூடியை அழுத்தினேன்.

"நான்தான்," என்றார் ஜோசபின் அக்கா. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

ஆல்டோ கத்தினார். பிறகு தோளைக் குலுக்கினார். "அதிர்ஷ்டம். எப்படியும் அந்தப் பக்கத்தை வெட்டத்தானே போகிறோம்."

நான் என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதவேண்டும். வெட்டட்டும் என்று நினைத்தேன். புதன்கிழமை வாள் ஓடினால் என் பிழையும் தூசியாகிவிடும். யாருக்கும் தெரியவராது, அப்பாவுக்குச் சொல்லவேண்டியிருக்காது. கல்லுக்காக நான் ஒரு நிமிடமும் கவலைப்படவில்லை.

மாலை ரயில் மேடையில் அக்கா என்னிடம் கேட்டார். "அந்த ரெண்டு வரிசைதான் தேதி, தெரியுமா? அதை வெட்டிட்டா அந்த ராஜா யாரு, எப்ப வாழ்ந்தான், ஒண்ணும் இல்ல. வெறும் பொம்மை. நம்ம கல்லுல பேரையும் தேதியையும் வெட்டி எறிஞ்சிட்டுப் பூவை மட்டும் விட்டா எப்படி இருக்கும்?" நான் தலையாட்டினேன். "பேராசிரியருக்கு இன்னைக்கே போன் பண்ணப் போறேன். ஆள் வருவாங்க. கறையைப் பார்ப்பாங்க, கேட்பாங்க. நான் சொன்னதையே சொல்லிக்கிறேன். நீ பயப்படாதே. ஆனா எனக்கு வேலை போயிடும்னு நெனக்கிறேன். என்னா சொல்றே?"

அவர் உண்மையாகவே கேட்டார். நான் வேண்டாம் என்றால் விட்டிருப்பாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன். ரயில் வந்தது. "போயிட்டு வாறன் அக்கா," என்றேன். அதுதான் என் பதில்.

புதன்கிழமை காலை, வாள் மேசையில் கல்லை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, பேராசிரியரும் அரசாங்கத்து ஆள் ஒருவரும் வந்தார்கள். வாடிக்கையாளரிடம் ஏதோ பத்திரங்கள் கேட்கப்பட்டன. அவரிடம் இல்லை. கல் வெட்டப்படவில்லை. வைக்கோலும் பெட்டியுமாகக் கொண்டு போனார்கள். பேராசிரியர் சாம்பல் நிழலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஜோசபின், நீயா?" என்று கேட்டார். அவருடைய முகத்தில் அப்படியொரு ஏமாற்றம். அக்கா "ஆமா" என்றார். அந்த ஒரு முகத்தை மட்டுமாவது நான் மாற்றியிருக்கலாம். ஆறடி தூரத்தில், 'அன்பு நினைவாக' என்று வெட்டிய ஒரு கல்லுக்கு மேல் குனிந்துகொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை அவரை அனுப்பிவிட்டார்கள். காரணம், விலைமதிப்பான கல்லைப் பழுதாக்கியது. அந்தக் கதைதான் நம்மிடம் வந்து சேர்ந்தது. பூசையில் "ராணி கல்லுக்குப் பொட்டு வச்சவ" என்று புதிதாக ஒரு கேலி வந்தது. அக்கா அதற்கும் சிரித்தார். எனக்காகத் தன் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைத்திருப்பார். நான் வந்து உட்கார்ந்ததும் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். ஒருமுறையும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஒரே ஒரு தடவை, பாவமன்னிப்புக்கு வரிசையில் நிற்கும்போது, காதோடு கேட்டார்: "அந்தக் கல்லு இப்ப எங்க இருக்கும்னு நெனக்கிறே? ஊருக்குப் போயிருக்குமா?" எனக்குத் தெரியாது. அவருக்கும் கடைசிவரை தெரியவில்லை.

அடக்கத்தன்று எனக்குப் பின்வரிசையில் உங்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார்: "பாவம், அந்தக் கல்லைக் கெடுத்துத்தானே நல்ல வேலையை இழந்தவ." கெட்ட மனதோடு சொல்லவில்லை. நான் திரும்பவில்லை.

மறுநாள் ஆல்டோவிடம் போனேன். அவர் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "அந்தக் கல்லுக்கு வர்ணம் அடித்தது நான்," என்றேன். ஆங்கிலத்தில், ஒரே மூச்சில்.

அவர் தீட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும். ஜோசபினுக்குத் தூரிகை பிடிக்கவே தெரியாது. ஓரம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அது உன் கை."

"பிறகு ஏன் அவரை அனுப்பினீர்கள்?"

"ஆட்களை வரவழைத்ததற்கு. அதைக் காரணமாகச் சொல்ல முடியுமா? அவள்தான் ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தாளே." உளியின் விளிம்பை விரலால் பார்த்தார். "நீ அன்றைக்குப் பேசியிருந்தால் வேறு காரணம் தேடியிருப்பேன். தேடிக் கிடைத்திருக்குமா என்று தெரியாது."

அன்று முழுக்க அந்தக் கடைசிச் சொல்லை வைத்துக்கொண்டு இருந்தேன். இன்னும் வைத்திருக்கிறேன். கிடைத்திருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது. கிடைத்திருக்காது என்று சில நாள்.

பேராசிரியருக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன், பிழைகளோடு. தெரேசா அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இனி நீங்கள்தான் மிச்சம். ஜோசபின் மேரி என்ற நம் அக்கா எந்தக் கல்லையும் பழுதாக்கவில்லை. யாரோ ஓர் அரசனுடைய பிறப்பையும் ஆட்சியையும் சொல்லும் இரண்டு வரிசை எழுத்து இந்த உலகில் எங்கோ ஒரு பெட்டிக்குள் முழுதாக இருக்கிறதென்றால், அது அவரால். அதன்மேல் இருக்கும் சாம்பல் நிழல் என்னால்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது, கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்ட அந்தச் சூடும், 'நான்தான்' என்ற, எனக்குச் சொந்தமான ஒரு சொல்லை அவர் இரண்டு வருடம் எனக்காகச் சுமந்தார் என்பதும்தான். இப்போது அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அடுத்த பூசைக்கு வருவேன். யாராவது என்னிடம் நேரே கேட்டால், தலையைக் குனியாமல், வாயைத் திறந்து சொல்வேன்.